லேபிளில் இருக்கும் தேதி

பழைய ஸ்னீக்கர் ஒன்றை யாராவது என் கையில் கொடுத்தால், முதலில் உள்பக்கம் தைத்திருக்கும் சின்ன லேபிளைத்தான் தேடுவேன். நிறம், மடிப்பு, பெட்டி, பில் எல்லாம் அப்புறம். நைக்கி ஷூ என்றால் அந்த லேபிளில் அளவுகள் இருக்கும், எந்த நாட்டில் செய்தது என்று இருக்கும், மாடல் எண்ணும் அதை ஒட்டி மூன்று இலக்க நிற எண்ணும் இருக்கும். 308497 என்றால் ஏர் ஜோர்டன் 4, அதாவது கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் பெயரில் நைக்கி விடும் வரிசையில் நான்காவது. நிற எண் 1-இல் தொடங்கினால் பெரும்பகுதி வெள்ளை, 0 என்றால் கறுப்பு, 6 என்றால் சிவப்பு. இதற்கெல்லாம் நடுவே அதிகம் பேர் கண்டுகொள்ளாத ஒரு வரி உண்டு. மாதம், நாள், ஆண்டு என்ற அமெரிக்க வரிசையில் அச்சடித்த தயாரிப்புத் தேதி. எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

இது தொழில் கொடுத்த பழக்கம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். எங்கள் ஸ்டோரில் ஒரு சாதாரண ரப்பர் வளையத்துக்குக்கூடப் பிறந்த தேதி உண்டு. எந்த ஆண்டு, எந்தக் காலாண்டில் வார்த்தது என்று உறையில் அடித்திருக்கும். எரிபொருள் தொட்டியை அடைக்கும் பசைக்கு ஆயுள் மாதக் கணக்கில். தேதி தாண்டிவிட்டால் உறை பிரிக்காத புதுப் பொருளாக இருந்தாலும் குப்பைக்குத்தான் போகும். “பயன்படுத்தவே இல்லையே” என்று யாரும் வாதாட மாட்டார்கள். ரப்பர், நுரை, பசை மூன்றும் சும்மா இருந்தாலும் வயதாகும் என்று அங்கே கடைநிலைத் தொழில்நுட்பருக்கும் தெரியும்.

ஸ்னீக்கர் சந்தையில் நிலைமை தலைகீழ். அங்கே “டெட்ஸ்டாக்” என்ற சொல்தான் ராஜா. கடையிலிருந்து வந்தபடியே, காலில் ஏறாமல், நாடாகூடக் கட்டாமல் பெட்டிக்குள் கிடக்கும் ஜோடி. அப்படிக் கிடக்கக் கிடக்க விலை ஏறும் என்று நம்பித்தான் பாதிப் பேர் வாங்குகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் நிஜமாக என்ன நடக்கிறது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஜோர்டன் 3, 4, 5, 6 இவற்றின் மிட்சோல், அதாவது பாதத்துக்கும் தரையில் படும் ரப்பருக்கும் நடுவில் இருக்கும் தடித்த பகுதி, பாலியூரிதேன் நுரை. நியூ பேலன்ஸின் 990 வரிசைக் குதிகாலிலும் வெளிவளையம் இதுதான். நல்ல கனம், நல்ல தாங்குசக்தி, சீக்கிரம் அமுங்கிப் போகாது. ஆனால் ஈரம் இதற்கு எமன். காற்றில் இருக்கும் நீர் நுரைக்குள் நுழைந்து, மூலக்கூறுச் சங்கிலியின் இணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கும். ஹைட்ராலிசிஸ் என்று வேதியியலில் படித்திருப்போமே, அதுதான். வெளியே பெயின்ட் பூசியிருப்பதால் பல ஆண்டுகளுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே சங்கிலி அறுந்துகொண்டே இருக்கும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒருநாள் ஆசையாக எடுத்துப் போட்டு மின்தூக்கி வரைக்கும் நடந்தால், குதிகால் அப்படியே தரையில் கொட்டிவிடும்.

சிங்கப்பூரில் இது இன்னும் வேகம். ஆண்டு முழுக்க ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். அதிலும் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பெட்டிகளை எங்கே அடுக்குவோம்? பாதுகாப்பு அறையில். கனமான இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது, காற்றோட்டம் பெயருக்குத்தான். பெரும்பாலான வீடுகளில் அதுதான் ஸ்டோர் ரூம். குண்டு விழுந்தால் மனிதர்களைக் காப்பாற்றக் கட்டிய அறை. பாலியூரிதேனுக்கு அதைவிட மோசமான இடம் கிடைக்காது.

எல்லா ஷூவும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜோர்டன் 11-இன் மிட்சோல் ஃபைலான், ஈவிஏ நுரையின் ஒரு வகை. அது பொடியாகாது. ஆனால் அடியில் உள்ள கண்ணாடி போன்ற ரப்பர் மஞ்சளாகும், பசை விடும். 2013-இல் அடிடாஸ் கொண்டுவந்த பூஸ்ட், சின்னச் சின்ன மணிகளை உருக்கி ஒட்டியது. அதுவும் மஞ்சளாகும், ஆனால் உதிர்ந்து விழுந்து நான் பார்த்ததில்லை. ஜோர்டன் 1-க்குச் சுற்றுச்சுவர் முழுக்க ரப்பர், மேல்தோலோடு சேர்த்துத் தைத்தது. அதனால்தான் 1985-இல் செய்த ஜோடிகள் பல இன்றைக்கும் வடிவம் கெடாமல் இருக்கின்றன. பீட்டர் மோர் வடிவமைத்த முதல் ஜோர்டன் அது. அமெரிக்காவில் 65 டாலருக்கு வந்தது. மைக்கேல் ஜோர்டன் அந்த ஆண்டு ஆட்டத்தில் அணிந்த ஒரு ஜோடி 2020 மே மாதம் சதபீஸ் ஏலத்தில் 5,60,000 டாலருக்குப் போனது.

எனக்குப் பிடித்தது 4. காரணம் எளிது. தொடக்கக் கல்லூரி நாள்களில் எங்கள் புளோக்குக்குக் கீழே கூடைப்பந்துத் திடலில் ஆடவரும் ஓர் அண்ணன் அதைத்தான் போட்டிருப்பார். அதற்கு முன் பள்ளியில் எல்லோர் காலிலும் முழு வெள்ளை ஷூதான், விதி அப்படி. எனக்குப் பாட்டா கேன்வாஸ். அந்த வெள்ளைக்கு நடுவில் வளர்ந்த கண்ணுக்கு, பக்கவாட்டில் வலை, நாடா கோர்க்கப் பிளாஸ்டிக் இறக்கைகள், குதிகாலில் காற்றுப் பை தெரியும் ஜன்னல் என்று ஒரு ஷூ இருக்க முடியும் என்பதே பெரிய விஷயம். டிங்கர் ஹாட்ஃபீல்ட் வடிவமைத்து 1989-இல் வந்தது. அவர் கட்டடக்கலை படித்தவர். ஷூவுக்கு ஜன்னல் வைக்கத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. அந்த ஆண்டு மே 7 அன்று கிளீவ்லண்டு அணிக்கு எதிராகக் கடைசி நொடியில் ஜோர்டன் எம்பிப் போட்ட பந்து இன்றும் பேசப்படுகிறது. அப்போது அவர் காலில் இருந்தது கறுப்பு சிவப்பு 4.

நான் வாங்குவது செத்துப்போன 4-களை. மிட்சோல் வெடித்து, பெயின்ட் உரிந்து, “போட முடியாது, அலங்காரத்துக்கு மட்டும்” என்று போட்டு விற்பார்கள். போன ஆண்டு ஒரு ‘வைட் சிமென்ட்’ நிற ஜோடி கிடைத்தது, 2012 ரெட்ரோ, அதாவது பழைய மாடலின் மறுவெளியீடு. விற்றவர் 40 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கொடுத்தார். மேல்தோல் அருமையாக இருந்தது. அந்த ஆண்டு வந்ததில் குதிகாலில் ‘நைக்கி ஏர்’ கிடையாது, எம்பிக் குதிக்கும் ஜம்ப்மேன் சின்னம்தான். 2016-இல்தான் பழையபடி நைக்கி ஏர் போட்டார்கள். அதனால் 2012 ஜோடிக்கு ஆசைப்படுகிறவர்கள் குறைவு. எனக்கு அதில் குறையே தெரியவில்லை. தோலின் தரமும் கறுப்புப் புள்ளி தெறித்த அந்தச் சாம்பல் இறக்கைகளும்தான் எனக்கு வேண்டும்.

சோல் மாற்றும் வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் செய்துபார்த்தால்தான் விஷயம் மண்டையில் ஏறும். நாடா, உள்ளட்டை எல்லாவற்றையும் கழற்றி, முடி உலர்த்தும் கருவியால் ஓரங்களைச் சூடாக்க வேண்டும். பசை இளகியதும் குதிகால் பக்கமிருந்து மெதுவாகப் பிரிக்க வேண்டும். அன்று முக்கால்வாசி வேலை எனக்கு மிச்சம். விரலை வைத்தாலே போதும், பழைய மைசூர்பாகு மாதிரி உதிர்ந்தது. அதே மஞ்சள், அதே ஓட்டைகள். மேல்பகுதி காய்ந்த பொடி. உள்ளே போகப் போகப் பிசுபிசுப்பு, விரலில் ஒட்டினால் சோப்புக்குப் போகாது. செய்தித்தாள் முழுக்கக் குவிந்த அந்தக் குப்பைக்கு நடுவில் காற்றுப் பை மட்டும் முழுசாக உட்கார்ந்திருந்தது. அழுத்திப் பார்த்தேன், துளி காற்றும் போகவில்லை. சுற்றியிருந்த நுரை மொத்தமும் போய்விட்டது. விளம்பரத்தில் காட்டுகிற பாகம் மட்டும் பத்திரம்.

அதன் பிறகு அப்பரின், அதாவது ஷூவின் மேல்பகுதியின், அடியில் ஒட்டியிருக்கும் பழைய நுரையைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் முழு வேலையும் வீண். ஒரு துணுக்கு பழைய நுரை இருந்தாலும் புதுப் பசை அதைத்தான் பிடிக்கும், அது உதிரும்போது இதுவும் கழன்றுவரும். புது சோல் எங்கிருந்து வரும்? அதே மாடல், அதே அளவில் பின்னால் வந்த, யாருக்கும் பிடிக்காத நிறத்தில் தள்ளுபடியில் கிடக்கும் ஒரு ஜோடியிலிருந்து. அதை டோனர் என்போம். பார்ஜ் சிமென்ட் என்ற கான்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, காயவிட்டு, சூடாக்கி, விரல் நுனியிலிருந்து குதிகால் வரை ஒரே மூச்சில் பொருத்தி அழுத்த வேண்டும். கோணலாகத் தொட்டுவிட்டால் எடுத்து வைக்க முடியாது. பால்கனிக் கதவைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், அந்த நாற்றம் மூளைக்கு ஏறும்.

சரி, சந்தைக்கு வருவோம்.

“லிமிடெட்” என்ற பேச்சுக்கு இன்றைய உருவம் கிடைத்தது நியூயார்க்கில் என்று சொல்லலாம். 2005 பிப்ரவரியில் ஜெஃப் ஸ்டேபிள் வடிவமைத்த ‘பிஜியன்’ என்ற நைக்கி டங்க் ஷூ வந்தது. சாம்பல் நிறம், குதிகாலில் ஒரு புறா. மொத்தம் 150 ஜோடிதான். மன்ஹாட்டனில் ஆர்ச்சர்ட் தெருவில் அவருடைய கடை வாசலில் குளிரில் இளைஞர்கள் நாள் கணக்கில் காத்துக்கிடந்தார்கள். கூட்டம் கைமீறிப் போய்ப் போலீஸ் வந்தது. மறுநாள் நியூயார்க் போஸ்ட் முதல் பக்கத்தில் போட்டது. ஸ்னீக்கருக்காகப் பித்துப்பிடித்து அலைகிறவர்கள் இருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரிந்தது அன்றைக்குத்தான். ஜப்பானில் இது அதற்கும் முந்திய கதை. 90-களின் நடுவில் நைக்கியின் ஏர் மேக்ஸ் 95-க்காகத் தெருவில் மடக்கிக் காலிலிருந்து ஷூவைப் பறித்துக்கொண்டு ஓடிய சம்பவங்கள் அங்கே நடந்திருக்கின்றன. பறிபோனது காலில் இருந்த ஷூ என்பதைக் கவனியுங்கள். அன்றைக்கு அதை வாங்கினவன் போட்டுக்கொண்டு திரிந்தான்.

இப்போது வரிசை வாசலில் இல்லை, போனில். குறித்த நேரத்தில் செயலியைத் திறந்து, அளவைத் தொட்டு, சில நிமிடம் காத்திருந்தால் “கிடைக்கவில்லை” என்று வரும். உங்களோடு போட்டி போடுவது பாட் எனப்படும் நிரல்கள். ஒரே ஆள் நூற்றுக்கணக்கான கணக்குகள் வைத்திருப்பார். ஒவ்வொன்றும் வேறு ஊரிலிருந்து வருவதாகக் காட்ட வாடகை இணைய முகவரிகள். ஒரே வீட்டு முகவரியை ஒரு புள்ளி, ஒரு எழுத்து மாற்றி மாற்றி எழுதுவார்கள், கணினி வேறு வேறு வீடு என்று நினைத்துக்கொள்ளும். இதற்கென்றே மாதச் சந்தா கட்டிச் சேரும் குழுக்கள் உண்டு. நைக்கி இதைத் தடுக்கப் பார்க்கிறது. ஆனால் 2021-இல் அதன் வட அமெரிக்கத் துணைத் தலைவர் ஒருவரே, மகன் நடத்திய மறுவிற்பனைத் தொழில் பத்திரிகையில் வெளியானதும் பதவி விலகினார். நுழையும் கதவும் அவர்கள் கையில், கதவுக்குப் பின்னால் நின்றவரும் அவர்கள் ஆள் என்றால், அதிகாலையில் எழுந்து போனைப் பிடித்துக்கொண்டிருக்கும் பையன் என்ன செய்வான்?

வாங்கியது அடுத்த நிமிடமே ஏறுவது டெட்ராய்ட்டில் பிறந்த ஸ்டாக்எக்ஸ் போன்ற தளங்களில். பங்குச்சந்தை போலவே ஒரு பக்கம் கேட்கும் விலை, மறுபக்கம் கொடுக்கும் விலை, இரண்டும் சந்தித்தால் வியாபாரம். ஒவ்வொரு அளவுக்கும் தனி வரைபடம். 2021-இல் அந்த நிறுவனத்தின் மதிப்பு 380 கோடி டாலர். அந்த வரைபடங்களில் எனக்கு ஒத்துவராத விஷயம் ஒன்றுதான். நீங்கள் வாங்கப்போகும் அந்த ஜோடியின் படம் அங்கே இருக்காது. மாடலின் படம் இருக்கும், எல்லோருக்கும் ஒரே படம். எட்டாண்டு பாதுகாப்பு அறையில் வெந்த ஜோடியும், ஏசி அறையில் இருந்த ஜோடியும் அங்கே ஒன்றேதான். எங்கள் தொழிலில் அப்படி ஒரு சீல் வாங்கி விமானத்தில் மாட்டினால் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள்.

அசல்தானா என்ற கேள்வியே அங்கே இன்னும் தீர்ந்தபாடில்லை. நைக்கி தொடுத்த வழக்கில், அந்தத் தளம் வழியாக 37 போலி ஜோடிகள் விற்பனையானதற்கு அது பொறுப்பு என்று 2025 மார்ச்சில் நியூயார்க் நீதிபதி சொல்லிவிட்டார். சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் பூட்டியன் என்று ஒரு நகரம். 80-களிலிருந்து பெரிய பிராண்டுகளுக்கு ஷூ செய்துகொடுத்துக் கைதேர்ந்த ஊர். போலி ஷூவுக்கும் அதுதான் தலைநகரம். தையல், தோல், பெட்டியின் எழுத்து எல்லாம் அப்படியே இருக்கும். பசையின் வாசனையை முகர்ந்தும் புறஊதா விளக்கில் பார்த்தும்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அசலா போலியா என்று பார்க்க இத்தனை பேர் மெனக்கெடுகிறார்கள். அசல்தான், ஆனால் ஆயுள் முடிந்தது என்றால்? அதைப் பார்க்க அவ்வளவு பேர் இல்லை.

இதைவிடத் துணிச்சலாக, இல்லாத ஷூவையே விற்றவர்களும் உண்டு. ஆரிகன் மாநிலம் யூஜின் நகரில் ஒரு மறுவிற்பனை நிறுவனம் ஜோர்டன் 11 ‘கூல் கிரே’ 2021 இறுதியில் வெளியாகும் முன்பே முன்பதிவு வாங்கியது. 6 லட்சம் ஜோடிக்கு மேல் பணம் வாங்கிக்கொண்டு, கையில் வந்தது 6,000 சொச்சம் என்று அரசு வழக்கறிஞர்கள் குற்றப்பத்திரிகையில் சொன்னார்கள். பணம் கட்டியவர்களில் பெரும்பாலோர் தாங்களும் மறுவிற்பனை செய்யத்தான் கட்டினார்கள். நூறு பேர் கை மாறியும் ஒருவர் காலிலும் ஏறாத ஷூ.

என் அக்கா மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறான். இந்த வியாபாரத்தில் அவனும் கொஞ்சநாள் இருந்தான். பாண்டா டங்க் தெரியுமல்லவா, கறுப்பு வெள்ளை, 2021-இல் அமெரிக்காவில் 100 டாலருக்கு வந்தது. வந்த வேகத்தில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை. அவனும் அவனுடைய நண்பர்களும் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கினார்கள். நான் ஒரு ஜோடியை எடுத்துக் காலில் போடப்போனபோது பதறிவிட்டான்.

“மாமா, வேணாம் மாமா! முன்னாடி மடிப்பு விழுந்துட்டா யூஸ்டுன்னு ஆயிடும். அறுபது வெள்ளி போச்சு.”

“அப்ப இதை யார்டா போடுவாங்க?”

“வாங்குறவங்க போடுவாங்க.”

“அவங்களும் விக்கத்தானே வாங்குறாங்க?”

பதில் சொல்லவில்லை, சிரித்தான். நல்ல பிள்ளை, கணக்கில் கெட்டி. ஆனால் அவன் கணக்கில் ஒரு ஆள் விட்டுப்போயிருந்தது: நைக்கி. பாண்டா விற்கிறது என்று தெரிந்ததும் அவர்கள் மறுபடி செய்தார்கள், மறுபடியும் செய்தார்கள். ஆர்ச்சர்ட் சாலையில் எஸ்கலேட்டரில் ஏறினால் முன்னால் நிற்கும் மூன்று பேரில் ஒருவர் காலில் பாண்டா என்றானது. மறுவிற்பனை விலை கடை விலைக்கே இறங்கிவிட்டது. அச்சு அவர்களுடையது, தொழிற்சாலையோடு ஒப்பந்தமும் அவர்களுடையது. 150 போதும் என்றால் 150, பத்து லட்சம் வேண்டும் என்றால் பத்து லட்சம். தட்டுப்பாடு என்பது ஒரு கூட்டத்தில் எடுக்கும் முடிவு. அடுத்த கூட்டத்தில் அதை மாற்றிக்கொள்ளலாம். பிறகு 2024-இல் டங்க், ஏர் ஃபோர்ஸ் 1, ஜோர்டன் 1 மூன்றையும் சந்தையில் குறைக்கப்போகிறோம் என்று அவர்களே அறிவித்ததையும் பார்த்தோம்.

அடிடாஸ் ராப் பாடகர் கான்யே வெஸ்ட்டோடு சேர்ந்து செய்த யீசி ஷூவின் கதை வேறு மாதிரி முடிந்தது. 2022 அக்டோபர் 25-இல் அடிடாஸ் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. அவர் யூதர்களைப் பற்றிப் பேசிய பேச்சு அப்படி. கிடங்கில் நூறு கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள ஷூ தேங்கியது. எரிப்பதா, தானம் கொடுப்பதா என்று யோசித்து, கடைசியில் தவணை தவணையாக விற்று ஒரு பகுதியைப் பொதுநலனுக்குக் கொடுத்தார்கள். என்னிடம் யீசி இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை.

நான் அதிகம் யோசித்தது 2022 நவம்பரில் வந்த ஜோர்டன் 1 ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ பற்றி. ஒரு பழைய கடையின் பின்னறையில் 1985-இலிருந்து கிடந்து, இப்போது கண்டெடுத்த ஜோடி என்று கற்பனை. அதற்காகக் கழுத்துப் பகுதித் தோலில் வெடிப்புகளை வேண்டுமென்றே உண்டாக்கினார்கள். சோலின் பக்கச்சுவர் மஞ்சளேறிய நிறத்தில். பெட்டியின் மூடி வேறு, அடிப்பாகம் வேறு. கையால் எழுதிய மாதிரி ஒரு பில்கூட உண்டு. அமெரிக்க விலை 180 டாலர். அழகான வேலை, ரசனையோடு செய்திருக்கிறார்கள், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அதை வாங்கியவர்களில் எத்தனையோ பேர் காற்றுப் புகாத பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, அந்தப் போலி வெடிப்பு மேலும் வெடிக்காமல் காக்கிறார்கள். அந்த வெடிப்பு உண்மையில் எப்படி வரும்? நடந்தால் வரும், வியர்த்தால் வரும், மழையில் நனைந்து காய்ந்தால் வரும். என் ஜோர்டன் 1-இல் கழுத்துப் பக்கம் அப்படித்தான் வந்திருக்கிறது. யாரும் வரைந்து கொடுக்கவில்லை.

லேபிளைப் பற்றிச் சொன்னேன், அதில் நாடும் இருக்கும் என்றேன். பெரும்பாலும் வியட்நாம், இந்தோனேசியா, சீனா. அபூர்வமாக இந்தியா என்று பார்த்தால் எனக்குக் கை கொஞ்சம் நிற்கும். செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமம் நைக்கிக்கு ஷூ செய்கிறது. ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். என் அம்மாவின் ஊர் வந்தவாசிப் பக்கம். சித்தி மகள் அங்கே தையல் பிரிவில் இருக்கிறாள். விடியுமுன் கம்பெனி பஸ் ஊருக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஊருக்குப் போயிருந்தபோது என் ஷூவை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிராண்டு, விலை எதையும் கேட்கவில்லை. நுனிப் பகுதியில் இரட்டைத் தையல் ஓடுகிற இடத்தைக் கட்டை விரலால் நீவி, “இந்த வளைவுதான் அண்ணா கஷ்டம். ஒரு நூல் தள்ளிப் போனாலும் பிரிச்சுப் போடணும்,” என்றாள். எத்தனையோ மதிப்பாய்வு வீடியோ பார்த்திருக்கிறேன். அந்த வளைவை ஒருவரும் காட்டியதில்லை. இப்போது எந்த ஷூவை எடுத்தாலும் என் விரல் அங்கேதான் போகிறது.

அத்தனை கவனமாகத் தைத்த பொருளை ஒருமுறையும் போடாமல் பெட்டியிலேயே உதிரவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சேகரிப்பதற்கு நான் எதிரி இல்லை. என் வீட்டிலும் ஒரு சுவர் நிறைய இருக்கிறது. டொரண்டோவில் பாட்டா ஷூ மியூசியம் போன்ற இடங்கள் ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு ஜோடியைப் பத்திரப்படுத்துவது தேவையான வேலை. அவர்களுக்கு அதற்கான அறை உண்டு, அறிவு உண்டு. பாதுகாப்பு அறையில் நாற்பது பெட்டி அடுக்குகிற நமக்கு அது இரண்டும் இல்லை. போட்டு நடந்தால் நுரை அமுங்கி விரிந்து உள்ளே தேங்கும் ஈரம் வெளியேறும், அதனால் கூடுதல் நாள் வரும் என்று பழைய சேகரிப்பாளர்கள் பலரும் சொல்வார்கள். என் சுவரிலும் அடிக்கடி போடுகிற ஜோடிகள்தான் உறுதியாக நிற்கின்றன. ஆயுள் கூடுகிறதோ இல்லையோ, இருக்கிற ஆயுளில் கால் அனுபவித்ததுதான் மிச்சம்.

அதனால் வாங்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வது: ஜோர்டன் 3 முதல் 6 வரை எதுவாக இருந்தாலும் விற்பவரிடம் லேபிளின் படத்தைக் கேளுங்கள். தயாரித்துப் பத்தாண்டு தாண்டியிருந்தால் டெட்ஸ்டாக் என்ற பேச்சுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், சோல் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். நேரில் பார்க்க முடிந்தால் குதிகால் நுரையைக் கட்டை விரலால் அழுத்துங்கள். பெயின்ட்டில் முடி போன்ற கோடுகள் விழுந்தாலோ, அழுத்திய இடம் திரும்பி வராமல் குழியாகவே நின்றாலோ அது போட்டு நடக்கிற ஷூ இல்லை. குவீன்ஸ்வே கடைத்தொகுதியில் பழைய ஆள்கள் கடைக்காரர் முன்னாலேயே அழுத்திப் பார்ப்பார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வீட்டில் வைக்கிறவர்கள் பாதுகாப்பு அறையை விடுங்கள், காற்று வருகிற வரவேற்பறை அலமாரி போதும். முற்றிலும் ஈரமே இல்லாமல், ஈரத்தை உறிஞ்சும் கேமரா பெட்டியில் பூட்டினால் பசை காய்ந்து விட்டுவிடும் என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் அந்தப் பெட்டி வாங்கவில்லை.

அந்த வைட் சிமென்ட்டைப் புது சோலோடு இப்போது வேலைக்குப் போட்டுப் போகிறேன், ஹேங்கர் வாசல் வரைக்கும். உள்ளே பாதுகாப்புக் காலணிதான். அக்கா மகன் மிச்சமிருந்த பாண்டாக்களைக் கடை விலைக்கே விற்றுவிட்டு ஒரு ஜோடியை மட்டும் வைத்துக்கொண்டான். அதை நாடா கட்டிக் காலில் போட்டுக்கொண்டு போன வாரம் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு ஒரு ஜோர்டன் 3 செய்துதருவதாகச் சொல்லியிருக்கிறேன். அப்பர் கிடைத்துவிட்டது, 2011 ‘பிளாக் சிமென்ட்’, யானைத்தோல் வடிவம் பளிச்சென்று இருக்கிறது. டோனர்தான் இன்னும் அமையவில்லை. அமெரிக்க அளவு 9, எந்த நிறமானாலும் சரி, சோல் மட்டும் 2018-க்குப் பிறகு செய்ததாக இருக்க வேண்டும். உங்களிடம் இருந்தால் லேபிளின் படத்தோடு எழுதுங்கள், விலை பேசிக்கொள்ளலாம்.